புதிதாக வகுப்பெடுக்கப் போகிறீர்களா? பயம் தெளியவும் மாணவர்கள் மதிக்கவும் முழுமையான வழிகாட்டி

புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: கண்டிப்பாக இருப்பதா, அன்பாக இருப்பதா? அங்கிருந்து தொடங்குவதுதான் சிக்கல். அந்தக் கேள்வி பிந்தைய படிகளில் வருவது. அதற்கு முன்னால் பாடம் கையில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர் தெரிய வேண்டும். வகுப்பு எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்பது முடிவாகியிருக்க வேண்டும். இவை இல்லாமல் குரலை உயர்த்தினாலும் எடுபடாது, சிரித்துப் பேசினாலும் எடுபடாது.

அதனால் கீழே இருப்பதை வரிசையாகச் செய்யுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட மாணவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அதைவிடச் சிறியவர்கள் என்றால் 4ஆம் படிக்கு இன்னும் அதிக நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வகுப்பின் பெயர்ப் பட்டியல், யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதற்கு ஒரு கட்டம் போட்ட தாள், அன்றன்று வகுப்பு முடிந்ததும் மூன்று வரி எழுத உங்களுக்கென்று ஒரு தனி நோட்டு. இவை எளிதில் கிடைத்துவிடும்.

பலர் கேட்காமல் விடுவது பள்ளியின் விதிகளை. எந்தத் தண்டனைக்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை? வகுப்பை விட்டு வெளியே அனுப்பலாமா? ஒரு மாணவர் பெரிய பிரச்சினை செய்தால் யாரிடம் போக வேண்டும்? பெற்றோரிடம் நேரடியாகப் பேசலாமா, மேலே சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டுமா? முதல் நாளுக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இல்லாத அதிகாரத்தை வைத்து மிரட்டிவிட்டு, அடுத்த நாள் அதைத் திரும்பப் பெறும் நிலைதான் எல்லாவற்றிலும் மோசம்.

1. பாடத்தை மாணவரின் இடத்திலிருந்து தயார் செய்யுங்கள்

வகுப்புக்கு முன் வரும் பயத்தில் பாதி "கேள்வி கேட்டுவிட்டால் என்ன செய்வது" என்பதுதான். இது தன்னம்பிக்கைப் பேச்சுகளைக் கேட்டுத் தீர்வதில்லை. தயாரிப்பில்தான் தீரும்.

படித்துப் பார்ப்பதைத் தயாரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு என்றால் புத்தகத்தை மூடிவிட்டு நீங்களே தாளில் போடுங்கள். கட்டுரை எழுதச் சொல்லப் போகிறீர்கள் என்றால் முதல் பத்தியை நீங்களே எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, அங்கேதான் வகுப்பும் நிற்கும்.

அப்புறம் ஒவ்வொரு முக்கியக் கேள்விக்கும் மாணவர்கள் சொல்லக்கூடிய தவறான விடைகள் இரண்டு மூன்றை எழுதி வையுங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொன்னால் "ஐந்தில் இரண்டு" என்று ஒருவராவது சொல்வார். அதை எதிர்பார்த்து நிற்கும் ஆசிரியர் தடுமாறுவதில்லை. "மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டிவிட்டாய், சரியா?" என்று அவர் கேட்கும்போது, நம் தலைக்குள் நடப்பது இவருக்குத் தெரிகிறது என்று பிள்ளைகளுக்குப் படும். மரியாதை அங்கேதான் முளைக்கிறது.

நேரத்தைக் கணக்கிடும்போது 45 நிமிட வகுப்பை 35 நிமிடமாக எடுத்துக்கொள்ளுங்கள். உட்காருவது, வருகைப்பதிவு, நோட்டைத் தேடுவது, முடித்துக் கிளம்புவது ஆகியவை மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் 5 நிமிடத்தில் முடிக்கும் பயிற்சிக்கு மாணவர்களுக்கு 15 நிமிடமாவது விடுங்கள்.

இவற்றோடு உபரியாக ஒரு சின்ன வேலையும் இருக்கட்டும். பாடம் 10 நிமிடம் முன்னதாகவே முடிந்து, ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வகுப்பில்தான் சத்தம் கிளம்பும்.

முதல் 5 நிமிடம் பேச வேண்டியதை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை எழுதிப் பழகுங்கள். முழு வகுப்பையும் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம். நடுவில் ஒரு கேள்வி வந்தால் கோர்வை அறுந்துவிடும்.

2. ஆளில்லாத வகுப்பறையில் ஒரு முறை நில்லுங்கள்

போர்டில் நான்கு வரி எழுதிவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எழுத்து தெரிகிறதா? ஜன்னல் வெளிச்சம் போர்டில் பட்டுக் கூசுகிறதா? கடைசி வரிசை வரை நடந்து போக வழி இருக்கிறதா? வழி இல்லையென்றால் மேசைகளை நகர்த்துங்கள். 6ஆம் படியில் அந்த வழி தேவைப்படும்.

3. பெயர்களை முதல் வாரத்திலேயே பிடியுங்கள்

"ஏய், கடைசி பெஞ்ச்" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், ஒருவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெயர் சொன்னால் ஒருவர்தான் திரும்புவார். வகுப்பை நடத்துவதற்குப் பெயரைவிடப் பயனுள்ள கருவி கிடையாது. ஆனால் புதியவர்கள் இதைத்தான் "போகப் போகத் தெரிந்துவிடும்" என்று தள்ளிப் போடுகிறார்கள்.

உட்காரும் இடத்தை நீங்களே முடிவு செய்து கட்டத்தாளில் பெயரை எழுதுங்கள். முதல் நாளே செய்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மூன்றாம் வாரம் மாற்றினால் அது தண்டனையாகத் தெரியும். வருகைப்பதிவின்போது பட்டியலைப் பார்த்தபடி வாசிக்காமல் ஒவ்வொரு முகத்தையும் பாருங்கள். நோட்டுகளைத் திருப்பிக் கொடுப்பதை வகுப்புத் தலைவரிடம் விடாமல் நீங்களே கொடுங்கள். பெயரும் முகமும் கையெழுத்தும் சேர்ந்தே மனதில் பதியும்.

உச்சரிப்பில் சந்தேகமா? ஒரு முறை கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் தப்பாகக் கூப்பிடுவதைவிட அது மேல். ஒன்று கவனிக்க வேண்டும்: முதலில் மனதில் பதிவது குறும்பு செய்பவர்களின் பெயர்கள்தான். அமைதியாக இருப்பவர்களின் பெயரைத் தனியாக உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

4. விதிகளைக் குறையுங்கள், பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள்

சுவரில் 15 விதிகளை ஒட்டி வைத்த வகுப்பில் ஒன்றுகூட நடப்பதில்லை. நான்கு போதும். "சத்தம் போடாதே" என்று எழுதுவதைவிட "ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும்" என்று எழுதுங்கள். என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் சொன்னால், பதிலுக்கு என்ன செய்வது என்பது தெரியாமலேயே போய்விடும்.

விதிகளைவிட அதிகம் உழைப்பவை அன்றாடப் பழக்கங்கள். உள்ளே வந்ததும் என்ன செய்ய வேண்டும்? ஆசிரியர் கவனத்தைக் கேட்கும் சைகை எது? வெளியே போக எப்படி அனுமதி கேட்பது? நோட்டை எங்கே வைப்பது? வகுப்பு எப்படிக் கலையும்? இந்த ஐந்துக்கும் நீங்கள் முதலில் விடை எழுதுங்கள்.

பிறகு பாடம் நடத்துவதுபோலவே இவற்றையும் நடத்துங்கள். சொல்லிக் காட்டுங்கள், செய்யச் சொல்லுங்கள், சரியாக வராவிட்டால் கோபப்படாமல் "இன்னொரு தடவை" என்று சொல்லித் திரும்பச் செய்ய வையுங்கள். முதல் வாரம் பாடநேரம் கொஞ்சம் போகும். போகட்டும். ஆண்டு முழுக்கத் திட்டிக்கொண்டே செலவிடும் நேரத்தைவிட இது குறைவு.

இங்கே புதியவர்கள் இடறுவது பழக்கத்தை அறிவிப்பதில் அல்ல, பத்தாவது நாளில். கையைத் தூக்காமல் ஒருவர் சரியான விடையைக் கத்திச் சொல்வார். விடை சரியென்ற மகிழ்ச்சியில் ஆசிரியரும் ஏற்றுக்கொள்வார். அன்றோடு அந்தப் பழக்கம் போயிற்று.

5. முதல் பத்து நிமிடம்

வகுப்புக்கு நீங்கள் முதலில் போய், வாசலில் நின்று வணக்கம் சொல்லி உள்ளே அனுப்புங்கள். போர்டில் ஏற்கெனவே ஒரு சின்ன வேலை எழுதியிருக்கட்டும். எல்லோரும் செய்யக்கூடியதாக, 4 நிமிடத்தில் முடிவதாக இருக்க வேண்டும். இதனால் இரண்டு லாபம்: அவர்களுக்கு வேலை இருக்கிறது, உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறது.

கை நடுங்குகிறதா? குறிப்புத் தாளைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் வையுங்கள். தாள் நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். ஒரு மார்க்கரைப் பிடித்துக்கொள்ளலாம். பேசுவதற்கு முன் மூச்சை இழுப்பதைவிட நிதானமாக வெளியே விடுவதில் கவனம் வையுங்கள்.

உங்கள் பதற்றம் உங்களுக்குத் தெரியும் அளவுக்கு எதிரில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தாமஸ் கிலோவிச், கென்னத் சவிட்ஸ்கி உள்ளிட்ட உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நம் மனநிலை வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் மிகையாக எண்ணிக்கொள்கிறோம். பதற்றம் எனக்கு மட்டுமே தெரிகிற சங்கதி என்பது நினைவில் இருந்தாலே பாதி பாரம் இறங்கும்.

"நான் புதுசு, கொஞ்சம் ஒத்துழைப்பு கொடுங்கள்" என்று தொடங்காதீர்கள். அது பணிவாகப் படாது, குறும்பு செய்ய அனுமதியாகப் படும். யாராவது "சார், இதுதான் உங்களுக்கு முதல் வகுப்பா?" என்று கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம். "ஆமாம். இப்போது முதல் கேள்விக்கு விடை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். தன்னைப் பற்றி நீண்ட அறிமுகமும் தேவையில்லை. உங்கள் பெயர், இந்த ஆண்டு என்ன படிக்கப் போகிறோம், எப்போது தேர்வு என்பது போதும்.

6. குரல், இடம், காத்திருப்பு

மாணவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசாதீர்கள். ஒரு முறை அப்படிச் செய்தால், இவர் பேசும்போது நாமும் பேசலாம் என்று பழக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். சைகை கொடுங்கள், நில்லுங்கள், காத்திருங்கள். அந்தச் சில நொடிகள் உங்களுக்கு யுகமாகத் தெரியும். அவர்களுக்கு அப்படி இல்லை. அமைதி வந்ததும் வழக்கமான குரலைவிடச் சற்றுத் தாழ்ந்த குரலில் தொடங்குங்கள்.

முக்கியமானதைச் சொல்லும்போது நடக்காமல் ஓரிடத்தில் நில்லுங்கள். எழுதும் வேலை நடக்கும்போது மேசைக்குப் பின்னால் உட்காராமல் கடைசி வரிசை வரை நடங்கள்.

கட்டளை கொடுப்பதில் வரிசை உண்டு. "குழுவாகப் பிரிந்துகொள்ளுங்கள்..." என்று தொடங்கினால் அந்த நொடியே நாற்காலிகள் நகரும். பிறகு நீங்கள் சொல்வது யார் காதிலும் விழாது. என்ன வேலை, யாரோடு, எத்தனை நிமிடம், முடித்ததும் என்ன என்று எல்லாவற்றையும் சொல்லி, ஒருவரைத் திருப்பிச் சொல்லச் செய்து, கடைசியாக "ஆரம்பிக்கலாம்" என்று சொல்லுங்கள்.

கேள்வி கேட்கும்போது முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, அப்புறம் பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த இடைவெளி எவ்வளவு? அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். புதியவருக்கு அமைதி என்றாலே பயம். அதனால் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தானே பதிலையும் சொல்லிவிடுவார். ஒரு மாதம் இப்படி நடந்தால், காத்திருந்தால் சார் சொல்லிவிடுவார் என்று வகுப்பு கற்றுக்கொள்ளும்.

7. குறும்பை எதிர்கொள்வது: சின்னதில் தொடங்குங்கள்

ஜேக்கப் கூனின் என்ற ஆய்வாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஒப்பிட்டு 1970இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. நன்றாக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் உள்ள வேறுபாடு, தப்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் இல்லை. முதுகிலும் கண் இருப்பதுபோல எல்லா மூலையிலும் நடப்பது அவருக்குத் தெரிகிறதா, பாடம் தடங்கலின்றி ஓடுகிறதா என்பதில்தான் இருந்தது. தப்பான ஆளைக் கண்டிப்பது, சின்னது பெரிதாகி மூன்று பேருக்குப் பரவிய பிறகு கண்டிப்பது: ஆசிரியருக்கு எதுவும் தெரியவில்லை என்று காட்டிக்கொடுப்பவை இந்த இரண்டும்.

எனவே சீக்கிரமாக, சின்னதாக. முதலில் பார்வை. போதவில்லையென்றால் பாடத்தை நிறுத்தாமலேயே அருகில் போய் நில்லுங்கள். அடுத்து, பெயரைப் பாடத்துக்குள்ளேயே நுழைத்துவிடுங்கள்: "இப்போது கார்த்திக், இந்த முக்கோணத்தில்..." அதற்கும் அடங்காவிட்டால் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் ஒரு வாக்கியம். பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடும்.

அதையும் தாண்டினால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "இங்கேயே உட்கார்ந்து வேலையை முடி. இல்லையென்றால் முன் வரிசைக்கு வந்து முடி." சொல்லிவிட்டு அங்கேயே முறைத்துக்கொண்டு நிற்காமல் நகர்ந்துவிடுங்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பணிவது பதின்ம வயதுக்காரருக்குப் பெரிய இழப்பு. நீங்கள் திரும்பிப் போனால் அவருக்கு மானத்தோடு இறங்கிவர இடம் கிடைக்கும்.

எல்லோர் முன்னாலும் வாக்குவாதம் வேண்டாம். "நான் மட்டுமா பேசினேன்?" என்று கேட்டால் அதற்கு விசாரணை நடத்தத் தேவையில்லை. "வகுப்பு முடிந்து பேசுவோம், இப்போது எழுது" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். பிறகு உண்மையிலேயே பேசுங்கள். அந்தப் பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்: நான் பார்த்தது இது, அதனால் நடந்தது இது, நாளை என்ன செய்யப் போகிறாய்? அவர் சொல்வதைக் கேளுங்கள். சில சமயம் காரணம் உங்கள் வகுப்புக்கு வெளியே இருக்கும்.

செய்யக் கூடாதவை மூன்று. ஒருவர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது: உங்கள் பக்கம் இருந்தவர்களையும் எதிர்ப்பக்கம் அனுப்பிவிடும். கிண்டல்: வகுப்பு சிரிக்கும், ஆனால் அடுத்தது நாமோ என்று ஒவ்வொருவரும் ஒதுங்கிவிடுவார்கள். நிறைவேற்ற முடியாத மிரட்டல்: இரண்டாவது தடவை யாரும் நம்ப மாட்டார்கள். கை ஓங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மறுநாள் நேற்றைய முகத்தோடு போகாதீர்கள். தண்டனை முடிந்தால் விஷயமும் முடிந்தது என்று அவர்களுக்குத் தெரிந்தால்தான் அடுத்த தடவை கண்டிப்பை ஏற்பார்கள்.

அடிதடி, மிரட்டல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் அறிகுறி ஆகியவை இந்தப் படிகளுக்குள் அடங்காது. உடனே பள்ளிப் பொறுப்பாளர்களிடம் போங்கள். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று மாணவர் கேட்டாலும் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள்.

8. விடை தெரியாத கேள்வி வரும்போது

சமாளிக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். போர்டின் மூலையில் கேள்வியை எழுதி, "சரியாகப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் வகுப்பைத் தொடங்குவதே அந்த விடையோடுதான் இருக்க வேண்டும். மறந்துவிட்டால், தெரியாததை மறைக்கும் உத்தி அது என்று முத்திரை விழுந்துவிடும்.

போர்டில் நீங்கள் செய்த பிழையை ஒருவர் சுட்டிக்காட்டினால், "சரிதான், நன்றி", திருத்தம், அடுத்த வரி. விளக்கம் வேண்டாம்.

9. மரியாதை சேர்வது சின்ன வாக்குகளில்

வெள்ளிக்கிழமை விடைத்தாள் தருவேன் என்றால் வெள்ளிக்கிழமை தர வேண்டும். முடியாது என்று தோன்றினால் திங்கள் என்றே சொல்லுங்கள். பிள்ளைகள் ஆசிரியரை அளப்பது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம்.

யாரைக் கேள்வி கேட்கிறீர்கள் என்பதையும் அவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வைத்து வாருங்கள். வாரக் கடைசியில் பார்த்தால் ஐந்தாறு பேரையே சுற்றிச் சுற்றி வந்திருப்பது தெரியும்.

பாராட்டும்போது எதைப் பாராட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள். "சூப்பர்" என்பது காற்றில் போகும். "இரண்டாவது வழியிலும் போட்டுச் சரிபார்த்திருக்கிறாய்" என்பது நிற்கும்.

நட்பு எல்லை பற்றி ஒரு வார்த்தை. இளம் ஆசிரியர்கள், அதிலும் மாணவர்களைவிட ஐந்தாறு வயதே மூத்தவர்கள், அவர்களுடைய பேச்சுநடையைப் பிடித்து நெருங்கப் பார்ப்பார்கள். இரண்டு வாரம் இனிக்கும். மதிப்பெண் குறைத்துப் போட வேண்டிய நாளில் கசக்கும். சொந்தச் சமூக வலைதளக் கணக்குகளில் மாணவர்களைச் சேர்க்க வேண்டாம். அவர்கள் என்ன விளையாடுகிறார்கள், எதில் ஆர்வம் என்று கேட்பதற்கு இதெல்லாம் தேவையே இல்லை.

10. வகுப்பு கைமீறிவிட்டால்

நடுவகுப்பில் கலகலத்துவிட்டால் வாய்ப்பேச்சு வேலையை நிறுத்தி, எழுதும் வேலைக்கு மாற்றுங்கள். உபரி வேலை ஒன்றை வைத்திருங்கள் என்று 1ஆம் படியில் சொன்னது இதற்கும்தான். சத்தத்தை அடக்கச் சத்தம் போடாதீர்கள்.

பல நாளாகவே சரியில்லையா? ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்து 4ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். புலம்பல் இல்லாமல், "இன்றிலிருந்து இப்படிச் செய்யப் போகிறோம்" என்று இரண்டு பழக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே வகுப்பை இன்னொரு ஆசிரியர் எடுக்கும்போது பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அவர் பேசுவதை விட்டுவிட்டு, வகுப்பு தொடங்கும் விதத்தையும் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும் இடத்தையும் கவனியுங்கள். உங்கள் வகுப்புக்கு யாராவது வந்தால் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்தது" என்பார்கள். "எந்த நிமிடத்தில் கவனம் சிதறியது?" என்று கேளுங்கள்.

11. ஒரு மாதம் கழித்து

அன்றன்று வகுப்பு முடிந்ததும் தனி நோட்டில் மூன்று வரி எழுதி வந்திருந்தால், இப்போது படித்துப் பாருங்கள்: எது ஓடியது, எங்கே நின்றது, யாரிடம் பேச வேண்டும். ஒரே பீரியடில், ஒரே மாதிரி வேலையில் திரும்பத் திரும்பப் பிரச்சினை வருவது தெரிந்தால், கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, அந்த வேலையில் இருக்கிறது.

அப்புறம் பெயரில்லாத சீட்டுகளில் மாணவர்களிடமே கேளுங்கள். இந்த வகுப்பில் எது படிக்க உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, எதை மாற்றலாம். பத்துச் சீட்டில் ஒன்று வேண்டுமென்றே புண்படுத்த எழுதியதாக இருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள். நாலைந்து சீட்டில் ஒரே குறை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பிலேயே எதை மாற்றப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். மாற்றப் போகாதது எது, ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை சீட்டுகள் வெறுந்தாளாகத்தான் திரும்பி வரும்.